திருத்தம்

இரவு ஏழுக்குச் சாவிக்கொத்து என் கழுத்துக்கு வரும்.
மருந்து அலுமாரி, குளிர்ப்பெட்டி, மொட்டைமாடிக் கதவு.
இருபத்திரண்டு கட்டில்களுக்கு ஒரு தாதி,
உதவிக்கு இரண்டு பேர்: துஷாரி புதுசு,
பெனடிற்றாவுக்கு முழங்கால் நோவு.

மழை விட்ட பிறகும் கொழும்பு வேர்க்கிறது.
வெள்ளவத்தையில், தண்டவாளத்தை முட்டி நிற்கும் ஒழுங்கை இது.
கடைசி ரயில் போகையில்
தண்ணீர்க் கிளாசுகள் மேசையில் நடுங்கும்.
அவை அடங்கிய பிறகுதான் பிரஷர் பார்க்கத் தொடங்குவேன்.

மிஸிஸ் வாண்டர்வாலை இரண்டு மணிக்கொருதரம் புரட்ட வேண்டும்.
இடுப்பெலும்பின் மேல் ஐம்பதுசதக் குற்றியளவு சிவப்பு.
நேற்றும் அதேயளவு.
இந்த வேலையில் வெற்றி என்றால் அதுதான்.

நைசர் ஹாஜியார் மூன்றரைக்கு எழும்பி
சஹருக்கு நேரமாச்சா என்பார்.
நோன்புக்கு இன்னும் ஐந்து மாதம்.
நான் இல்லையென்பதில்லை. விரல் குத்திச் சீனி பார்ப்பேன்.
அறுபத்தெட்டு.
பாலும் இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பேன். நிய்யத் அவருடையது.

ஏழாம் கட்டில், சபாநடேசர்.
கணக்காய்வுத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம்.
காணாமற்போன ஒரு மைப்போத்தலுக்காக
ஒரு கச்சேரியையே மூன்று நாள் நிற்பாட்டியவர்.
அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.

செவ்வாய் இரவு, விரிப்பு மாற்றுகையில்
மூக்குக்கண்ணாடிக் கூடு கீழே விழுந்து திறந்தது.
உள்ளே கடதாசியில் சுற்றிய நித்திரைக் குளிசைகள்.
பதினொன்று.
ஒவ்வொன்றும் ஓரத்தில் கொஞ்சம் கரைந்திருந்தது,
நாக்குக்குக் கீழே காத்திருந்த நேரமளவுக்கு.

ஒவ்வொன்றுக்கும் நேரே புத்தகத்தில்
‘கொடுக்கப்பட்டது’ என்று இருக்கிறது.
ஏழு கையெழுத்து என்னுடையது, நாலு ரமணியுடையது.

“பிள்ளை, அதை எழுதத்தான் வேணுமோ?”
அவர் குரலில் கெஞ்சல் இல்லை.
ஒரு வவுச்சரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார்.
“ஓம், ஐயா.”

எழுதினேன். டொக்டரை எழுப்பினேன்.
சவரக்கத்தியையும் இடுப்புவாரையும் எடுத்து வைத்தேன்.
ஒஸ்லோவுக்கு அழைத்தபோது மகன் சாப்பாட்டு மேசையில்.
கரண்டிச் சத்தம் கேட்டது,
பிறகு கேட்கவில்லை.

கால் மணிக்கொருதரம் பார்த்துப் பதிய வேண்டும்.
பார்த்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார்.
12.15 விழித்திருக்கிறார்.
12.30 விழித்திருக்கிறார்.
12.45 விழித்திருக்கிறார், கதிரையைத் தள்ளிப் போடச் சொன்னார்.
தள்ளவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும்
குளிசையை விழுங்கியதும் டோர்ச் அடித்து
“நாக்கைத் தூக்குங்கோ, ஐயா” என்பேன்.
தூக்குவார்.
எண்பத்திரண்டு வயது வாய், மேலே மூன்று பல்,
கண் மட்டும் என் தோளுக்கு மேலே மின்விசிறியில்.
ஐந்து நாள் ஒரு சொல் இல்லை.
துஷாரியுடன் கதைத்தார். பெனடிற்றாவுக்கு
முழங்காலுக்கு எண்ணெய் சொன்னார்.
நான் வந்தால் பேப்பரைத் தூக்கிக்கொள்வார்,
நேற்றைய பேப்பர்.

ஆறாம் இரவு, டோர்ச்சை அணைத்ததும்,
“அந்தக் கொப்பியைக் கொண்டு வா.”

அவருடைய பதிவு, அவர் கேட்டால் காட்டலாம்.
கண்ணாடியைப் போட்டு, சுட்டுவிரலை வரிக்கு வரி இறக்கி,
ஓரிடத்தில் நிறுத்தினார்.
“கணக்குப் பிழை.”

சாரத்து மடிப்பை அவிழ்த்துக் கையை நீட்டினார்.
உள்ளங்கையில் இன்னும் ஒன்று,
வியர்வையில் மஞ்சளித்து.

அழிக்கக் கூடாது. வெள்ளை பூசக் கூடாது.
ஒற்றைக் கோடு, கீழே இருப்பது வாசிக்கக்கூடியதாக.
பதினொன்றின் மேல் கோடிழுத்தேன்.
பன்னிரண்டு.
நேரம். சுருக்கொப்பம்.

தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்
“திகதி” என்றார்.

திகதியையும் போட்டேன்.